அறுபதில் வளையுமா? வயது வந்தோருக்கு ஒரு கிட்டார்ப் பாடம்



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை, நமது பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பழைய போர்வையில் எதையோ சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு குருமனைக்கு வந்தார். வயது 60. பஸ் கண்டக்டராய் நெடுங்காலம் உழைத்து, அந்த வருஷந்தான் ஓய்வு பெற்றவர். போர்வையை அவிழ்த்தார். உள்ளே ஒரு கிட்டார். மகன் கல்லூரி நாளில் வாங்கியதாம். மகன் வேலைக்காக வெளிநாடு போனபின் பீரோவின்மேல் தூசி படிந்து கிடந்ததாம். ஓய்வு பெற்ற மறுவாரமே இவர் அதை இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வாரம் முயன்று பார்த்திருக்கிறார். விரல் நுனிகள் புண்ணானதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலண்டை நின்று சிரித்தார்கள். வீட்டிலும் சிரித்தார்கள்.

"சாமி, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எனக்கோ அறுபது. இதைக் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் யாராவது வாசிக்கட்டும்" என்றார்.

கொடுக்க வந்த கை அந்த வாத்தியத்தை விடாமல் பிடித்திருந்ததை நான் கவனித்தேன். "ஐயா, கோயில் எங்கும் ஓடிப்போகாது. கிறிஸ்மஸ் வரையில் நீங்களே வைத்திருங்கள். அதற்குப் பிறகும் கொடுக்க மனமிருந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னேன். அந்த ஐந்து மாதத்தில் அவரும் நானும் சேர்ந்து கற்றவற்றையே இவ்வாரப் பாடமாக எழுதுகிறேன். 'நானும்' என்று ஏன் சொல்கிறேனெனில், நான் கிட்டாரைத் தொட்டது என் 41-ஆம் வயதில். தொட்ட ஒரு மாதத்தில் அதை ஆணியில் மாட்டி, எட்டு மாதம் திரும்பிப் பாராதவன் நான். ஆகையால் இந்தப் பாடம் மேடையிலிருந்து சொல்லும் பாடமன்று. பக்கத்துப் பெஞ்சிலிருந்து சொல்லும் பாடம்.

1. குறை விரலிலா, வாத்தியத்திலா?

முதற்காரியமாக அவருடைய கிட்டாரைப் பார்த்தேன். தந்திகள் துருப்பிடித்திருந்தன. கழுத்தின் நடுவே தந்திக்கும் பலகைக்கும் இடையில் ஒரு பென்சிலையே நுழைக்கலாம் போலிருந்தது. இதில் வாசிக்கப் பழகிய வாலிபனுக்கே விரல் புண்ணாகும்!

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. எஃகுத் தந்திகள் ஆறையும் சுருதி சேர்த்து முறுக்கினால், அவை எல்லாம் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். நைலான் தந்திகளானால் சுமார் 40 கிலோ. வருஷக்கணக்கில் வெயிலிலும் ஈரத்திலும் கிடக்கிற மரம் இந்த இழுப்புக்கு இணங்கி மெல்ல வளைகிறது. தந்தி பலகையைவிட்டு உயர்கிறது. உயர்ந்த தந்தியை அழுத்த இரட்டிப்புப் பலம் வேண்டும். கழுத்தில் 12-ஆம் மெட்டுக்கு மேல், எஃகுத் தந்திக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டரும், நைலான் தந்திக்குச் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டரும் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மிஞ்சினால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். நமது கண்டக்டர் ஐயாவுக்குப் புதுத் தந்திகளுக்கும் பழுதுகூலிக்கும் ஆன செலவு, ஒரு கலியாணத்துக்கு எழுதும் மொய்யைவிட அதிகமில்லை. மறுநாள் வந்து, "சாமி, இது வேறே கிட்டாரா?" என்று கேட்டார்.

வயது வந்தவர் தமக்கு ஒன்று வராதபோது உடனே தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். தீர்ப்புச் சொல்லுமுன் வாத்தியத்தையும் விசாரிப்பது நியாயமல்லவா?

2. வாத்தியத்தை அறிமுகம் செய்துகொள்ளுதல்

கிட்டாருக்குத் தலை, கழுத்து, உடல் என மூன்று பாகங்கள் உண்டு. தலையில் ஆறு முறுக்குச் சாவிகள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, வீணையில் சொல்வதுபோல, நாம் மெட்டுகள் என்போம். உடலின்மேல் தந்திகளைத் தாங்குவது குதிரை. தந்தியின் அதிரும் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். 12-ஆம் மெட்டு அதைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. ஆகவே அங்கே அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். ஒவ்வொரு மெட்டும் அரைச் சுரம் உயர்த்தும். 12 அரைச் சுரங்கள் சேர்ந்து ஒரு ஸ்தாயி. இவ்வளவுதான் இதன் கணக்கு.

தந்திகளைக் கீழிருந்து, அதாவது மெல்லிய தந்தியிலிருந்து, 1, 2, 3 என எண்ணுகிறோம். மிகத் தடித்தது 6-ஆம் தந்தி. மடியில் வைத்திருக்கும்போது அதுவே உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கும். 6-இலிருந்து 1 வரை அவற்றின் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. விநாடிக்கு அவை அதிரும் எண்ணிக்கை ஏறக்குறைய 82, 110, 147, 196, 247, 330. இக்காலத்தில் கைபேசியில் சுருதி காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் மாதங்களில் தயங்காமல் அவற்றை உபயோகியுங்கள். காது பழகியபின் பழைய முறையைக் கற்கலாம். 6-ஆம் தந்தியை 5-ஆம் மெட்டில் அழுத்தினால் 5-ஆம் தந்தியின் திறந்த ஓசை கிடைக்கும். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். 3-ஆம் தந்தியிலிருந்து 2-ஆவதைச் சேர்க்கும்போது மட்டும் 4-ஆம் மெட்டு.

சுருதி சேராத வாத்தியத்தில் ஒருநாளும் பழகாதீர்கள். சரியாக விரல் வைத்தும் கர்ண கடூரமாய் ஒலித்தால், தவறு எங்கே என்று தொடக்கக்காரருக்கு எப்படித் தெரியும்?

இடது கை விரல்களுக்கும் எண் உண்டு. ஆள்காட்டி 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டுவிரல் 4. பியானோ கற்றவர்கள் கட்டை விரலை 1 என எண்ணிப் பழகியிருப்பார்கள். அவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கிட்டாரில் கட்டை விரல் கழுத்தின் பின்புறத்தில் தாங்கலாய் இருக்கும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். விரலை மெட்டின்மேல் வைக்கக்கூடாது. மெட்டுக்குச் சற்று முன்னே, தலைப்பக்கமாக, மெட்டை ஒட்டினாற்போல் வைத்து அழுத்த வேண்டும். இரண்டு மெட்டுகளுக்கு நட்டநடுவில் அழுத்துகிறவர் வீணாய்ப் பலத்தைச் செலவழிக்கிறார். மெட்டை ஒட்டி அழுத்துகிறவருக்குப் பாதிப் பலமே போதும்.

3. பிள்ளையும் பெரியவரும்

இனி அந்தப் பழமொழிக்கு வருவோம். பிள்ளைக்குச் சலுகை உண்டு என்பது மெய்தான், மறைப்பதில் பிரயோசனமில்லை. 1995-ல் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் தாமஸ் எல்பெர்ட்டும் அவருடைய துணைவர்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தந்தி வாத்தியம் வாசிக்கிறவர்களின் மூளையில் இடது கை விரல்களின் உணர்ச்சிக்குரிய பகுதி மற்றவர்களுக்கு உள்ளதைவிட விரிந்திருப்பதையும், சிறு வயதிலேயே கற்கத் தொடங்கியவர்களில் அந்த வேறுபாடு அதிகமாக இருப்பதையும் அவர்கள் கண்டார்கள்.

ஆனால் 'பிள்ளைக்கு எளிது' என்பதும் 'பெரியவருக்கு முடியாது' என்பதும் ஒன்றாகுமா? அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த கேரி மார்கஸ் என்பவர், தாளமும் சுருதியும் தமக்கு இயற்கையாய் வராது என்று நம்பியிருந்தவர். நாற்பது வயதை நெருங்கியபோது கிட்டார் கற்கத் தொடங்கினார். சிறுவர்களுக்கான இசை முகாமிலும் வெட்கப்படாமல் சேர்ந்து, பதினோரு வயதுப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் வாசித்தார். தம் அனுபவத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்து 2012-ல் 'கிட்டார் ஜீரோ' என்ற நூலை வெளியிட்டார். அவர் கச்சேரி வித்துவான் ஆகவில்லை. ஆயினும், குறிப்பிட்ட வயது தாண்டினால் கதவு அடைபட்டுவிடும் என்ற எண்ணம் இவ்விஷயத்தில் பொருந்தாது என்று தம் சொந்த விரல்களைக்கொண்டே காட்டினார்.

பெரியவருக்கும் சில சலுகைகள் உண்டு. ஏன் என்று கேட்டுப் புரிந்துகொள்ள அவரால் முடியும். எந்த விரல் தந்தியைத் தொட்டு ஓசையைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து திருத்த முடியும். பாட்டுகள் நூற்றுக்கணக்கில் அவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படியானால் பெரியவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

4. வெட்கம் எங்கிருந்து வருகிறது?

கண்டக்டர் ஐயாவிடம் நான் கேட்டேன்: "வேலையில் சேர்ந்த முதல் நாளே ஓடுகிற பஸ்ஸில் பிடிமானமில்லாமல் நின்று, டிக்கெட்டும் கிழித்து, சில்லறையும் சரியாகக் கொடுத்தீர்களா?"

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். "எங்கே சாமி! முதல் வாரம் ஒவ்வொரு பிரேக்குக்கும் யார் மடியிலாவது விழுவேன். இரண்டு டிக்கெட்டாய்க் கிழிந்துவிடும். ராத்திரி கணக்கு இடிக்கும். கைக்காசைப் போட்டுக் கட்டுவேன். டிரைவர் திட்டுவார், ஜனங்கள் சிரிப்பார்கள். மூன்று மாசம் போனபின் கை தானாய் வேலை செய்தது."

"அன்றைக்கு எத்தனை வயது?"

"இருபத்தேழு."

"ஐந்து வயதில்லையே! சிரித்தார்களே, ஏன் விட்டுவிடவில்லை?"

"விட்டால் சோறு ஏது சாமி?"

வாசகர்களே, பாடம் முழுவதும் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. பிழைப்புக்காக நாம் கற்ற தொழில் எதுவாயினும், அதைக் கற்ற நாளில் நாமும் தட்டுத் தடுமாறித்தான் இருந்தோம். தையல் மெஷின் மிதித்த பெண், வண்டி ஓட்டிய ஆண், கரும்பலகை முன் முதல்முறை நின்ற ஆசிரியை, ஏன், முதல் பிரசங்கத்தில் நடுங்கிய குருவானவர் உட்பட, ஒருவரும் இதற்கு விலக்கல்ல. அன்று வெட்கமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாய்த் தேவை இருந்தது. தேவை நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடக்கச் செய்தது. கரையேறியபின் பாலத்தை மறந்துவிட்டோம். 'எனக்கு வந்த வேலையெல்லாம் எனக்கு எளிதாய் வந்தது' என்று எண்ணிக்கொண்டோம்.

ஆசைக்காக ஒன்றைக் கற்கும்போது இழுத்துச்செல்லத் தேவை இல்லை. வெட்கம் மட்டும் இருக்கிறது. ஆகவே வெட்கம் ஜெயிக்கிறது. கிட்டார் செய்வதில் பேர்பெற்ற பெண்டர் கம்பெனியின் தலைவராயிருந்த ஆண்டி மூனி, புதிதாய்க் கற்கத் தொடங்குகிறவர்களில் 90 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை பேருக்கும் விரல் ஊனமா? இல்லவே இல்லை.

ஆதலால் பெரியவர் செய்ய வேண்டியது, தேவை அன்று செய்த வேலையைத் தாமே ஏற்பாடு செய்துகொள்வது. அதற்கு மூன்று காரியங்கள் போதும்: குறித்த நேரம், குறித்த பாட்டு, கேட்பதற்கு ஒரு நபர். கண்டக்டர் ஐயாவுக்கு நேரம் காலை 6 மணிக் காப்பிக்குப் பின் கால் மணி. பாட்டு, கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு கீதம். கேட்கும் நபர் அடியேன். சனிக்கிழமைதோறும் ஜெபமாலை முடிந்தபின் குருமனைத் திண்ணையில். நன்றாக வாசித்தாலும் சரி, கெட்டுப்போனாலும் சரி, வந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். பதிலுக்கு நானும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்! முதல் சனிக்கிழமை எங்கள் இருவரையும் கேட்ட கோயிற்பிள்ளை, யாரோ தகர டப்பா தட்டுகிறார்கள் என்று எண்ணி விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

5. மூன்று சுரக்கூட்டுகள்

ஒரே நேரத்தில் மூன்று சுரங்களாவது இசைந்து ஒலிப்பதைக் கிட்டார்க்காரர்கள் 'கார்ட்' என்பார்கள். நாம் சுரக்கூட்டு என்போம். நூற்றுக்கணக்கில் இருந்தாலும், மூன்றே கூட்டுகளால் வாசிக்கத்தக்க கீதங்கள் ஏராளம். ஜி, சி, டி என்ற மூன்றை இங்கே கற்போம். விரல்கள் முதலில் பழகுவதற்காக, அவற்றுக்குமுன் மிக எளிதான ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்.

ஈ மைனர்: 2-ஆம் விரலை 5-ஆம் தந்தியிலும், 3-ஆம் விரலை 4-ஆம் தந்தியிலும், இரண்டையும் 2-ஆம் மெட்டில் வையுங்கள். ஆறு தந்திகளையும் மீட்டலாம். இரண்டே விரல். முதல் நாளே இனிய ஓசை ஒன்றைக் கேட்டுவிடலாம்.

டி: 1-ஆம் விரல் 3-ஆம் தந்தியில் 2-ஆம் மெட்டு, 2-ஆம் விரல் 1-ஆம் தந்தியில் 2-ஆம் மெட்டு, 3-ஆம் விரல் 2-ஆம் தந்தியில் 3-ஆம் மெட்டு. 4-ஆம் தந்தியிலிருந்து கீழ்நோக்கி மீட்டுங்கள்.

ஜி: 2-ஆம் விரல் 6-ஆம் தந்தியில் 3-ஆம் மெட்டு, 1-ஆம் விரல் 5-ஆம் தந்தியில் 2-ஆம் மெட்டு, 3-ஆம் விரல் 1-ஆம் தந்தியில் 3-ஆம் மெட்டு. ஆறு தந்திகளும்.

சி: 3-ஆம் விரல் 5-ஆம் தந்தியில் 3-ஆம் மெட்டு, 2-ஆம் விரல் 4-ஆம் தந்தியில் 2-ஆம் மெட்டு, 1-ஆம் விரல் 2-ஆம் தந்தியில் 1-ஆம் மெட்டு. 5-ஆம் தந்தியிலிருந்து.

விரல்களை வைத்தபின் தந்தி தந்தியாய்த் தட்டிக் கேளுங்கள். ஏதேனும் ஒன்று மழுங்கி ஒலித்தால், பக்கத்து விரல் சாய்ந்து அதைத் தொடுகிறதா, மெட்டுக்குத் தூரத்தில் அழுத்துகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றே காரணம். விரல் தடித்திருப்பது காரணமன்று. அந்த விரலை நுனியால் ஊன்றாமல் படுக்கவைப்பதே காரணம்.

6. தினம் கால் மணி

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் 15 நிமிடம் வாசிப்பது மேல். விரலின் தோலும் தசையும் மூளையும் ஓய்வுக்கு ஓய்வு சிறிது சிறிதாகவே பழகுகின்றன. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றார்கள். ஒரே அடியாய் அடித்தால் அம்மி உடையும், கையும் உடையும்.

அந்த 15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம் சுருதி. அடுத்த 3 நிமிடம் ஒவ்வொரு கூட்டையும் வைத்து எடுத்து, மறுபடி வைத்துப் பழகுதல். அடுத்த 5 நிமிடம் மாற்றம். அதாவது ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதல். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி, நாட்காட்டியில் எழுதி வையுங்கள். கண்டக்டர் ஐயா முதல் நாள் ஜி-யிலிருந்து சி-க்கு நிமிடத்துக்கு 6 முறை மாற்றினார், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. ஆறு வாரத்தில் 24. நிமிடத்துக்கு 30 வந்தால் மெதுவான எந்தக் கீதத்துக்கும் தாராளமாய்ப் போதும். முன்னேற்றம் காதுக்குத் தெரியாத நாட்களில் எண் அதைச் சொல்லும். கடைசி 5 நிமிடம் பாட்டு.

பாட்டில் ஒரு சட்டம் உண்டு; அதை மீறவே கூடாது. இடது கை தவறினாலும் வலது கை நிற்கக்கூடாது. விரல்கள் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால் தேடட்டும்; வலது கை தாளம் தவறாமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கட்டும். ஒரு சுரம் கெட்டால் பாட்டுக் கெடாது. தாளம் நின்றால் பாடுகிறவர் அனைவரும் நின்றுவிடுவார்கள்.

விரல் நுனி வலி இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். பிறகு தோல் தடித்துத் தணியும். ஆனால் மணிக்கட்டிலோ மூட்டிலோ வலித்தால் அது வேறு; உடனே நிறுத்திக் கையின் நிலையைத் திருத்துங்கள். தணியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை வியாதியால் விரல் மரத்துப்போகிறவர்கள் முதலிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு, நைலான் தந்திக் கிட்டாரில் தொடங்குவது நலம்.

7. ஒரு கீதம்

நாங்கள் தெரிந்துகொண்ட கீதத்துக்கும் கிட்டாருக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகேயுள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில், ஜோசப் மோர் என்ற 26 வயது இளங்குருவானவர், தாம் 1816-ல் எழுதிய ஒரு கவிதையை ஃபிரான்ஸ் சேவர் குருபர் என்ற ஆசிரியரிடம் கொடுத்து, இரண்டு குரல்களும் கிட்டாரும் சேர்ந்து இசைக்கும்படி மெட்டமைக்கச் சொன்னார். அன்றிரவே கோயிலில் இருவரும் பாடினார்கள். கிட்டார் வாசித்தவர் மோர் சுவாமி. அதுதான் இன்று உலகமெங்கும் பாடப்படும் 'ஷ்டில்லே நாஹ்ட்'. மோர் தம் கையால் எழுதிய பிரதியொன்று 1995-ல் கண்டெடுக்கப்பட்டது. அதிலும் கிட்டார்த் துணையே குறிக்கப்பட்டிருக்கிறது.

இக்கீதத்துக்கு நாம் கற்ற மூன்று கூட்டுகளே போதும். ஒவ்வோர் அளவிலும் ஆறு தட்டுகள். அவற்றில் 1-ம் 4-ம் சற்று அழுத்தம். மொத்தம் 12 அளவுகள்:

முதல் நான்கு: ஜி, ஜி, டி, ஜி.
நடு நான்கு: சி, ஜி, சி, ஜி.
கடை நான்கு: டி, ஜி, பின் ஓர் அளவில் பாதி ஜி பாதி டி, முடிவாக ஜி.

தொடக்கத்தில் ஓர் அளவுக்கு ஒரே முறை, முதல் தட்டில் மட்டும் மீட்டுங்கள். மற்ற ஐந்து தட்டுகளின் நேரமும் விரல் மாற்றுவதற்குக் கிடைக்கும். பிறகு 1-இலும் 4-இலும். கடைசியாக ஆறிலும். பாடுகிறவர்களுக்குச் சுருதி தாழ்வாயிருந்தால், 'கேப்போ' என்னும் கவ்வியை 2-ஆம் மெட்டில் மாட்டி அதே விரல்களால் வாசிக்கலாம். ஒரு முழுச் சுரம் உயர்ந்துவிடும்.

8. வினா விடை

வினா: எஃகுத் தந்தி நல்லதா, நைலான் நல்லதா?
விடை: விரலுக்கு நைலான் மெத்தென்றிருக்கும், அதன் கழுத்துச் சற்று அகலம். எஃகு உரத்து ஒலிக்கும். வீட்டில் எது இருக்கிறதோ அதைச் சீர்ப்படுத்தித் தொடங்கலாம்.

வினா: இசைக்குறியீடு வாசிக்கத் தெரிய வேண்டுமா?
விடை: பாட்டுக்குத் துணை வாசிக்க ஆரம்பத்தில் அவசியமில்லை. பின்னால் கற்றால் பெரிதும் உதவும்.

வினா: ஆசிரியர் வேண்டுமா?
விடை: மாதத்தில் ஒருமுறையாவது விஷயம் தெரிந்தவர் உங்கள் கையைப் பார்ப்பது நல்லது. இணையத்தில் பாடங்கள் மலிந்து கிடக்கின்றன. ஒன்றைத் தெரிந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். தினம் ஒரு குருவைத் தேடுகிறவருக்கு ஒரு பாடமும் முடியாது.

வினா: எஃப் என்ற கூட்டு வரவே இல்லையே?
விடை: ஒரே விரலைப் பல தந்திகளின்மேல் படுக்கவைத்து அழுத்தும் கூட்டு அது. ஆறு மாதம் அதைத் தொடவேண்டாம். அது இல்லாத பாட்டுகள் ஏராளம்.

வினா: பிறர் சிரித்தால்?
விடை: சிரிக்கிறவர் எந்தத் தொழிலில் தேர்ந்தவரோ, அதை அவர் கற்ற முதல் வாரத்தை அன்போடு விசாரியுங்கள்.

கிறிஸ்மஸ் இரவுப் பூசைக்குமுன், குடிலருகே பாடகர் குழுவின் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டோம். கண்டக்டர் ஐயா வேஷ்டி சட்டையுடன் வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குக் கைபேசியில் காட்டிக்கொண்டு அவர் மனைவி முன்வரிசையில் நின்றார். கீதம் தொடங்கியது. ஏழாம் அளவில், சி வரவேண்டிய இடத்தில், அவர் விரல்கள் தந்திகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டன. அடுத்த நாற்காலியிலிருந்த எனக்கு அது தெரிந்தது. ஆனால் வலது கை நிற்கவில்லை. எட்டாம் அளவில் ஜி சரியாக வந்து விழுந்தது. பாடிக்கொண்டிருந்த ஜனங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது, "சாமி, ஏழாவதுல விட்டுட்டேன்" என்றார்.

"தெரியும். எப்படிச் சமாளித்தீர்கள்?"

"ஒரு ஸ்டாப்பிங் தப்பினா என்ன, அடுத்த ஸ்டாப்பிங்ல ஏறிக்கலாம்னு விட்டுட்டேன்."

கிட்டாரைக் கோயிலுக்குக் கொடுப்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வாரப் பயிற்சி: வீட்டில் பரண்மேலோ பீரோமேலோ கிடக்கும் வாத்தியம் எதுவாயினும் அதை இறக்கித் தூசி துடையுங்கள். கிட்டாராயிருந்தால் 12-ஆம் மெட்டில் தந்தியின் உயரத்தை அளந்து பாருங்கள். தினம் கால் மணி நேரத்தைக் குறியுங்கள். ஈ மைனர் ஒன்றை மட்டும் ஏழு நாளும் வாசியுங்கள். வீட்டில் தனியே இருப்பவர்கள், கேட்பதற்கு ஆளில்லை என்று விட்டுவிட வேண்டாம். சனிக்கிழமை மாலை ஜெபமாலைக்குப் பின் குருமனைத் திண்ணையில் நாங்கள் இருவர் இருப்போம்.